காவடிப் பதிவுக்கு முன்: பிஎச்பி தளத்தில் கணக்குத் திறப்பும் லாகினும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ ஒரு கோவில் சபைக்குத் தளம் போட்டால் ஆரம்பத்தில் அது அறிவிப்புப் பலகைதான்: பூசை நேரம், திருவிழாத் தேதி, படங்கள். தைப்பூசம் நெருங்கும்போது, காவடிக்குப் பெயர் கொடுப்பதையும் இதிலேயே வைக்கலாமே என்று பேச்சு வரும். கூடவே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் சேரும். அதற்குப் பிறகு வந்திருப்பவர் யார் என்று தளத்துக்குத் தெரிந்தாக வேண்டும்.

படிவம் போட்டு, பாஸ்வேர்டு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அரை நாள் வேலை. பாஸ்வேர்டை மறந்தவர், பேரனின் மின்னஞ்சலில் பதிந்த பாட்டி, ராத்திரி முழுக்கப் பாஸ்வேர்டு தட்டிப் பார்க்கும் நிரல், ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்த கடிதம் என்று மீதி நாட்கள் இவர்களுக்கே போகும். இந்தக் குறிப்பிலும் அவர்களுக்குத்தான் அதிக இடம்.

லாரவெல், சிம்ஃபனி போன்ற சட்டகத்தில் தளம் இருந்தால் அதற்குள்ளேயே லாகின் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். கீழே சொல்வது சாதாரண பிஎச்பி 8, மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி, மாத வாடகை ஹோஸ்டிங் என்று இருப்பவர்களுக்கு. ஃபங்க்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோடில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பாஸ்வேர்டு ஹாஷ் போன்ற பல சொல் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

கணக்கு யாருக்கு, காவடி யாருக்கு

இங்கேதான் பெரும்பாலான தளங்கள் முதல் தப்பைச் செய்கின்றன. காவடி எடுப்பவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒருவரே என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டுவிடுவார்கள். நடைமுறையில் ஒரு வீட்டில் ஒருவர் உட்கார்ந்து அம்மா, மாமியார், இரண்டு பிள்ளைகள் எல்லாருக்கும் பதிவார். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கணக்கு என்று வைத்தால் இரண்டாவது ஆளிலேயே வேலை நின்றுவிடும். பிறகு ஒன்றுமே இல்லாத மின்னஞ்சல்களை அவர்களே கற்பனை செய்து எழுத ஆரம்பிப்பார்கள்.

ஆகவே இரண்டு டேபிள். கணக்கு டேபிளில் மின்னஞ்சலும் பாஸ்வேர்டின் ஹாஷும் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட, திருப்பிப் பாஸ்வேர்டாக்க முடியாத எழுத்துச்சரம்). பக்தர் டேபிளில் பெயர், காவடி வகை, வகுப்பு, எந்தக் கணக்கின் கீழ் வருகிறார் என்ற எண். ஒரு கணக்கின் கீழ் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கே வேண்டாம். பெற்றவர் கணக்கின் கீழ் ஒரு வரியாக இருந்தால் போதும்.

லாகின் பெயராக மின்னஞ்சலையே வையுங்கள். தனியாக யூசர்நேம் கேட்டால், கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி நிறைந்த ஊரில் நல்ல பெயரெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோகும். அப்புறம் பெயருக்குப் பின்னால் எண் போட்டு, அந்த எண் எது என்று எல்லாரும் மறப்பார்கள்.

கணக்கு டேபிளுக்குத் தேவையான பத்திகள்: தானே ஏறும் எண்; மின்னஞ்சல் (வார்ச்சார் 254, அதாவது 254 எழுத்து வரை); ஹாஷ் (வார்ச்சார் 255); காட்டும் பெயர் (வார்ச்சார் 100); செல் எண் (வார்ச்சார் 20); மின்னஞ்சல் உறுதியான நேரம் (ஆரம்பத்தில் காலி); உருவான நேரம். செல் எண்ணை எண் வகைப் பத்தியில் வைத்தால் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். தென்னாப்பிரிக்க எண் எல்லாமே 0 அல்லது +27-இல் தொடங்குவதால் அத்தனை எண்ணும் கெட்டுவிடும்.

எழுத்து வகை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும், டேபிளிலும், பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் பிடிஓவின் இணைப்பு வரியிலும். ஒன்றில் மட்டும் வைத்தால் தமிழ்ப் பெயர் கேள்விக்குறி வரிசையாகத் திரும்பி வரலாம். பழைய மைஎஸ்க்யூஎல்லில் மின்னஞ்சல் பத்திக்கு, ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸ் போடும்போது, சாவி நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது என்று 1071 பிழை வரலாம். ஓர் எழுத்துக்கு 4 பைட்டு என்று அது கணக்குப் போடுவதுதான் காரணம். அங்கே பத்தியை 191-ஆகக் குறைத்தால் 764 பைட்டில் அடங்கும்.

அந்த யூனிக் இன்டெக்ஸை விட்டுவிடாதீர்கள். முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் சேர்ப்பது என்று எழுதினால், பொறுமையில்லாமல் பட்டனை இரண்டு தடவை அமுக்கியவருக்கு இரண்டு கணக்கு உருவாகும். நேராகச் சேர்க்கப் பாருங்கள். 23000 என்ற நிலைக்குறியோடு விதிவிலக்கு வந்தால், அதனுள் 1062 இருந்தால், அந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது.

கேட்காதது கசியாது

தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, 2013-இல் நிறைவேறி, 2021 ஜூலை 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. அதில் ஒருவரின் மத நம்பிக்கை தனிக் கவனம் வேண்டிய தகவல் வகையில் வருகிறது. காவடிப் பட்டியல் என்பதே மத நம்பிக்கையின் பட்டியல்தான். பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றவர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். தகவல் கசிந்தால் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

நிரல் எழுதுபவருக்கு இதன் அர்த்தம் எளிது. 13 இலக்க அடையாள எண்ணைக் கேட்காதீர்கள். அதன் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. எல்லாப் படிவத்திலும் இருக்கிறதே என்ற பழக்கத்தில் அது உள்ளே வந்துவிடும். சபைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வயது தேவையென்றால் வயதுப் பிரிவு கேளுங்கள். திருவிழா முடிந்து எத்தனை மாதத்தில் பக்தர் டேபிளைக் காலி செய்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து, அதற்குக் குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு க்ரான் வேலை போட்டுவிடுங்கள்.

பாஸ்வேர்டு: தமிழ் எழுத்தில் இருக்கும் இரண்டு பொறிகள்

எம்டி5, ஷா1, ஷா256 எதையும் நேரடியாகப் பாஸ்வேர்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. திருடுபவனுக்கும் அதே வேகம் கிடைக்கும். பாஸ்வேர்டு ஹாஷ் என்ற ஃபங்க்ஷன் 5.5 பதிப்பிலிருந்து பிஎச்பியிலேயே இருக்கிறது. உப்பை (ஒவ்வொரு ஹாஷிலும் கலக்கும் தற்செயலான எழுத்துகளை) அது தானே சேர்த்துக்கொள்ளும், நீங்கள் எதுவும் கலக்க வேண்டாம். இயல்பாக அது பிகிரிப்ட் முறை, 60 எழுத்து நீளம். பத்தியை 255 வைக்கச் சொன்னது நாளை முறை மாறினால் நீளம் கூடும் என்பதால். 50 என்று வைத்தால், டேட்டாபேஸின் கண்டிப்பு முறை அணைந்திருக்கும் இடத்தில் ஹாஷின் வால் அறுந்து, எந்தப் பாஸ்வேர்டும் எப்போதும் ஒத்துப்போகாது. பதிவு நன்றாக நடக்கிறது, லாகின் மட்டும் ஒருவருக்கும் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிகிரிப்டின் உழைப்பு அளவு 8.4 பதிப்பில் 10-லிருந்து 12-ஆக ஏறியது. ஒவ்வொரு படியும் வேலையை இரட்டிப்பாக்கும். பழைய கணக்குகளை, அவர் சரியான பாஸ்வேர்டோடு வரும் தருணத்தில், பாஸ்வேர்டு நீட்ஸ் ரிஹாஷ் சொல்வதைக் கேட்டுப் புதிதாக ஹாஷ் செய்து எழுதிவிடலாம். வேறு எந்த நேரத்திலும் முடியாது, ஏனென்றால் பாஸ்வேர்டு உங்களிடம் இல்லை.

இனி முதல் பொறி. பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. ஆங்கில எழுத்து ஒரு பைட்டு என்பதால் அங்கே இது யாருக்கும் உறைப்பதில்லை. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு, அதிலும் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. "வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா" என்று ஒரு பக்தர் பாஸ்வேர்டு வைத்தால் அது 83 பைட்டு. கடைசிச் சொல்லில் "அர" வரை 71 பைட்டு. 72-ஆவது பைட்டு எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பொதுவானது. ஆகவே "வெற்றிவேல் முருகனுக்கு அரசு" என்று தட்டினாலும் கதவு திறக்கும். தீர்வு: உங்கள் ஹோஸ்டிங்கில் ஆர்கான்2ஐடி இருந்தால் அதைக் கொடுங்கள், அதற்கு இந்த வரம்பு இல்லை. இல்லையென்றால் ஸ்டர்லென் கொண்டு பைட்டை எண்ணி, 72-ஐத் தாண்டினால் பாஸ்வேர்டைச் சுருக்கச் சொல்லுங்கள். எம்பி ஸ்டர்லென் எழுத்தை எண்ணும், அது இங்கே உதவாது.

இரண்டாவது பொறி இன்னும் கள்ளத்தனமானது. "கொ" என்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் எனப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஹாஷுக்கு வேறு. வீட்டுக் கணினியில் ஒரு விசைப்பலகை, செல்லில் வேறு விசைப்பலகை என்று இருப்பவர் சரியாகத் தட்டியும் தப்பு என்று பதில் வாங்குவார். இன்டல் நீட்சியின் நார்மலைசர் கொண்டு எழுத்தை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் ஒரே வடிவுக்கு மாற்றிய பின் ஹாஷ் செய்யுங்கள். சரிபார்க்கும்போதும் அதே மாற்றம். பக்தர் பெயருக்கும் இதைச் செய்யாவிட்டால் "கோபால்" என்று தேடினால் பாதிக் கோபால்தான் கிடைப்பார்கள்.

விதி வைப்பதில் கஞ்சத்தனம் நல்லது. குறைந்தது 12 எழுத்து, அவ்வளவுதான். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி என்று கட்டாயப்படுத்தினால் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1-ம் ஆச்சரியக்குறியும் போடுவார்கள். அதற்குப் பதிலாகக் கசிந்த பாஸ்வேர்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஹேவ் ஐ பீன் போன்ட் சேவைக்குப் பாஸ்வேர்டின் ஷா1 ஹாஷில் 40 எழுத்தில் முதல் 5-ஐ மட்டும் அனுப்பினால், அந்த 5-இல் தொடங்கும் எல்லாவற்றின் மிச்சத்தையும் அது திருப்பித் தரும்; ஒப்பிடுவது உங்கள் பக்கத்திலேயே. கோவிலின் பெயரையும், முருகா 123 வகையறாவையும் நீங்களே தடுத்துவிடுங்கள்.

பதிவுப் படிவம்

மின்னஞ்சலை ட்ரிம் செய்து சிற்றெழுத்தாக்கி, ஃபில்டர் வார் கொண்டு சரிபாருங்கள். செல் விசைப்பலகை பின்னால் ஓர் இடைவெளியை ஒட்டிவிடும், முதல் எழுத்தைப் பெரிதாக்கும். பாஸ்வேர்டை ட்ரிம் செய்யாதீர்கள். ட்ரிம் செய்யும் முன் வந்தது எழுத்துச்சரமா என்று இஸ் ஸ்ட்ரிங் கொண்டு பாருங்கள். வேண்டுமென்றே அரேயாக அனுப்புபவர்கள் உண்டு, பிஎச்பி 8 அங்கே பிழையோடு நின்றுவிடும். பெயருக்கு ஆங்கில எழுத்து மட்டும் என்று விதி போடாதீர்கள். தமிழில் எழுதுபவருக்கும் இடம் வேண்டும், ஒற்றை மேற்கோள் உள்ள பெயருக்கும் வேண்டும்.

எல்லா எஸ்க்யூஎல்லும் பிடிஓ ப்ரிபேர் வழியாகவே போகட்டும், மதிப்புகளை வரியில் ஒட்டாதீர்கள். எமுலேட் ப்ரிபேர்ஸ் அமைப்பை அணைத்து வையுங்கள். திரையில் காட்டும்போது எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (இதற்கு மட்டும் அடிக்கோடு இல்லை). டேபிளில் போகும்போது அல்ல, அங்கே போட்டால் பெயர்கள் அரைகுறையாக மாறிக் கிடக்கும்.

மின்னஞ்சல் ஏற்கெனவே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பக்கம் காட்டுங்கள்: உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள். புதியவருக்கு உறுதிசெய்யும் இணைப்பு போகும். பழையவருக்கு, உங்களுக்குக் கணக்கு இருக்கிறது, மறந்திருந்தால் இதோ வழி என்று கடிதம் போகும். இல்லையென்றால் இன்னார் இந்தக் கோவிலில் இருக்கிறாரா என்று யார் வேண்டுமானாலும் படிவத்தைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு படிவத்திலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் வேண்டும்; வேறு தளம் உங்கள் ஆளின் பெயரில் படிவம் அனுப்புவதைத் தடுக்கும் ரகசியச் சரம் அது. ராண்டம் பைட்ஸ் 32, பின்2ஹெக்ஸ் செய்தால் 64 எழுத்து. அதைச் செஷனில் (வந்தவரைப் பற்றிச் சர்வர் வைத்திருக்கும் நினைவில்) வைத்து, வந்ததோடு ஹாஷ் ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிடுங்கள். இதில் ஒரு சங்கடம்: பிஎச்பி செஷன் இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம், தொடப்படாமல் இருந்தால் பெருக்கித் தள்ளப்படும். ஐந்து பேர் விவரத்தை எழுதும்போது நடுவில் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்து இணையம் போய்த் திரும்பினால் டோக்கன் செத்திருக்கும். அப்போது அனுமதியில்லை என்ற வெறும் 403 காட்டாமல், எழுதியதையெல்லாம் புதிய டோக்கனோடு திரும்பக் காட்டுங்கள், பாஸ்வேர்டைத் தவிர. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் செஷன் கோப்புகளுக்கு உங்கள் சொந்தக் கோப்புறையையே வையுங்கள். பொதுக் கோப்புறையில் பக்கத்துத் தளத்தின் பெருக்குமாறு உங்கள் செஷனையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

லாகின் நடக்க வேண்டிய வரிசை

1. டோக்கனைப் பாருங்கள், தப்பென்றால் நிறுத்துங்கள்.
2. இந்தக் கணக்குக்கு அண்மையில் எத்தனை தோல்வி என்று எண்ணுங்கள்.
3. மின்னஞ்சலைத் தேடுங்கள். ஆள் இல்லையென்றாலும் முன்பே தயாராக வைத்த ஒரு போலி ஹாஷோடு பாஸ்வேர்டு வெரிஃபை ஓடட்டும்; இல்லாவிட்டால் பதில் வரும் வேகமே இல்லாத கணக்கைக் காட்டிக்கொடுக்கும்.
4. ஒத்துப்போனால், மின்னஞ்சல் உறுதியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.
5. செஷன் ரீஜெனரேட் ஐடி, உள்ளே ட்ரூ. பிறகுதான் கணக்கு எண்ணைச் செஷனில் எழுத வேண்டும்.
6. வேறு பக்கத்துக்கு ஹெடர் அனுப்பி, உடனே எக்ஸிட்.

ஐந்தாவதை விட்டால் லாகினுக்கு முன் யாரோ ஒட்டிவைத்த செஷன் எண்ணிலேயே இவர் உள்ளே போவார், ஒட்டியவரும் கூடவே போவார். ஆறாவதில் எக்ஸிட்டை மறப்பது பழைய நோய்: உலாவி வேறு பக்கம் போய்விடும், கீழே இருக்கும் நிரல் சர்வரில் ஓடி முடியும். உறுப்பினர் பக்கத்தின் தலையிலும் இதே கதைதான். ஹெடர் மட்டும் இருந்தால் உலாவி இல்லாமல் கேட்பவருக்கு முழுப் பட்டியலும் போய்ச் சேரும்.

தோல்விக்குச் செய்தி ஒன்றுதான்: மின்னஞ்சலோ பாஸ்வேர்டோ சரியில்லை.

குக்கீக்கு எச்டிடிபி ஒன்லி, செக்யூர், சேம்சைட் லாக்ஸ் மூன்றும் செஷன் ஸ்டார்ட்டுக்கு முன் போட வேண்டும். யூஸ் ஸ்ட்ரிக்ட் மோடை 1 ஆக்குங்கள், இயல்பில் அது 0. செக்யூர் போட்ட பிறகு, வீட்டு வைஃபையில் 192.168 முகவரியில் செல்லிலிருந்து சோதித்தால் லாகின் ஆன மாதிரி ஆகி உடனே வெளியே வரும். எச்டிடிபிஎஸ் இல்லாததால் உலாவி குக்கீயை வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன என்ற எச்சரிக்கை தமிழில் தளம் போடுபவர்களுக்கு அதிகம் வரும். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது சில எடிட்டர்கள் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட்டை ஒட்டுகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளியீடு என்று கணக்காகி, குக்கீ போகும் வழியை அடைக்கும். பிஓஎம் இல்லாமல் சேமியுங்கள்.

தட்டிப் பார்ப்பவனைத் தடுப்பது

தோல்விகளுக்கு ஒரு டேபிள்: மின்னஞ்சல், ஐபி, நேரம். ஒரு கணக்கும் ஒரு ஐபியும் சேர்ந்த ஜோடிக்கு 15 நிமிடத்தில் 5 தோல்வி என்றால் 15 நிமிடம் ஓய்வு. ஐபியை மட்டும் வைத்து 5 என்று பூட்டாதீர்கள். செல் வலையமைப்புகளில் பல பேர் ஒரே ஐபியின் பின்னால் இருப்பார்கள். பதிவு நாளன்று கோவில் மண்டபத்து வைஃபையிலும் முந்நூறு பேருக்கு ஒரே முகவரி. ஐந்து தாத்தாமார் தப்பாகத் தட்டினால் மண்டபமே பூட்டப்படும். ஐபிக்குத் தனியாக மணிக்கு 100 போல் தாராளமாக வையுங்கள். கணக்கை மட்டும் வைத்து நிரந்தரமாகப் பூட்டுவதும் கூடாது, வேண்டாத ஒருவர் சபைத் தலைவரை தினமும் வெளியே நிறுத்திவைக்கலாம்.

மறந்துபோனவர்

ராண்டம் பைட்ஸ் 32-ஆல் ஒரு டோக்கன். இணைப்பில் டோக்கன் போகும், டேபிளில் அதன் ஷா256 ஹாஷ் மட்டும். டோக்கன் தற்செயலானது, நீளமானது என்பதால் இங்கே வேகமான ஹாஷ் போதும். ஆயுள் ஒரு மணி நேரம், ஒரே தடவை பயன்பாடு. பாஸ்வேர்டு மாறியதும் மற்றச் செஷன்களைச் செல்லாததாக்குங்கள். அதற்குக் கணக்கு டேபிளில் ஒரு பதிப்பு எண் வைத்து, செஷனில் இருப்பதோடு ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பிடலாம்.

இணைப்பைத் தொட்டவுடன் டோக்கனைச் செலவழிக்காதீர்கள். சில மின்னஞ்சல் சேவைகள் வைரஸ் பார்க்க இணைப்பை முன்கூட்டியே திறக்கும். உண்மையான ஆள் வரும்போது காலாவதி என்று சொல்லும். பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து, அதை அமுக்கினால்தான் வேலை நடக்கட்டும். பதிவை உறுதிசெய்யும் இணைப்புக்கும் இதே முறை, ஆயுள் மட்டும் 24 மணி.

நேரக் கணக்கில் பலர் விழுகிறார்கள். தென்னாப்பிரிக்கா யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) 2 மணி முன்னால். பிஎச்பி ஜோஹனஸ்பர்க் நேரத்தில் காலாவதியை எழுதி, டேட்டாபேஸ் யூடிசியில் நவ் என்று ஒப்பிட்டால் ஒரு மணி நேர டோக்கன் மூன்று மணி வாழும். மாறி நடந்தால் பிறக்கும்போதே காலாவதியாகியிருக்கும். இரண்டையும் யூடிசியில் வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

கடிதம் போய்ச் சேர, பிஎச்பியின் மெயில் ஃபங்க்ஷனை நம்பாதீர்கள். பிஎச்பிமெயிலர் வழியாக, உங்கள் டொமைனின் கணக்கில், எஸ்எம்டிபி 587 வாசலில் அனுப்புங்கள். கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்று பதிவும் டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும். அனுப்புநர் முகவரி சபையின் ஜிமெயிலாக இருந்தால் ஸ்பாம் பெட்டிதான். எஸ்எம்டிபி பாஸ்வேர்டும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் பப்ளிக் எச்டிஎம்எல் கோப்புறைக்கு வெளியே ஒரு கோப்பில் இருக்கட்டும்.

திறக்கும் முன் சோதனை

ஒரே படிவத்தை இரண்டு தடவை வேகமாக அனுப்புங்கள். ஒரே கணக்குதான் இருக்க வேண்டும். 73 பைட்டுப் பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். கணினியில் தமிழில் பதிந்து செல்லில் லாகின் செய்யுங்கள். செஷன் கோப்பை நடுவில் அழித்துவிட்டு நீளமான படிவத்தை அனுப்புங்கள். ஒரு கணக்கில் உள்ளே இருந்துகொண்டு முகவரிப் பட்டையில் பக்தர் எண்ணை மாற்றி, அடுத்த வீட்டுக்காரரின் பிள்ளை விவரம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், விவரத்தை எடுக்கும் எஸ்க்யூஎல் வரியில் கணக்கு எண்ணும் சேர்ந்த நிபந்தனை இல்லை என்று அர்த்தம். கடைசியாக வெளியேறும் வழி: அதைச் சாதாரண இணைப்பாக வைத்தால் வேறு தளத்தில் வைத்த ஓர் இணைப்பைத் தொட்டாலே உங்கள் ஆட்கள் வெளியேறிவிடுவார்கள். டோக்கனோடு போஸ்ட்டாக அனுப்பி, செஷன் மாறியைக் காலி செய்து, குக்கீயை அழித்து, செஷன் டெஸ்ட்ராய் அழையுங்கள். பிறகு உலாவியில் பின்னால் போய்ப் பாருங்கள். பழைய பக்கம் இன்னும் தெரிந்தால் உறுப்பினர் பக்கங்களுக்குக் கேஷ் கண்ட்ரோல் நோ ஸ்டோர் என்ற ஹெடர் விட்டுப்போயிருக்கிறது.